டிரோசியோ: மாணவரோடு ஒருங்கே கற்ற ஆசிரியர்

கல்கத்தாவில் குடியேறிய நம் குடும்பத்தார் பலர் பார்க் தெருவின் பழைய கல்லறைத் தோட்டத்தைக் கடந்து சென்றிருப்பர். அங்கே துயில்பவருள் ஒருவர் ஹென்றி லூயி விவியன் டிரோசியோ.

1809-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் இந்நகரிலேயே பிறந்தார். போர்த்துகீசிய வழிவந்த கலப்புக் குடும்பம். ஆங்கிலேயர் அவரைத் தம்மவராகக் கொள்ளவில்லை. வங்க இந்துக் குடும்பங்களுக்கும் அவர் அயலாரே. இளமையிலேயே பள்ளியை விட்டு எழுத்தராகவும், பின்பு பாகல்பூரில் அவுரித் தோட்டத்திலும் பணிபுரிந்தார். கவிஞராகவும் பெயர் பெற்றார். 1826-இல் இந்துக் கல்லூரி அவரை ஆசிரியராக அமர்த்தியபோது அவருக்கு அகவை 17!

மாணவரோ அவரினும் சில ஆண்டுகளே இளையவர். மதிப்புமிக்க இந்து இல்லங்களின் பிள்ளைகள். வகுப்பு முடிந்தும் பேச்சு முடியாது. அவர் வீட்டிலும் அது தொடரும். 1828-இல் அவர்கள் அகாடமிக் அசோசியேஷன் என்னும் கழகத்தைக் கண்டனர். மாணிக்தலாவில் ஒரு தோட்டவீட்டில் கூடி, விதி, அறம், நாட்டுப்பற்று, கடவுள் உண்மை ஆகியவற்றைப் பற்றி வாதிட்டனர். டிரோசியோ தலைவராக அமர்ந்தாரேனும் முடிவு கூறும் நீதிபதியாக அமரவில்லை. ஹியூமின் ஐயங்களைக் கற்பித்தவர், அவற்றுக்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் தந்த மறுப்பையும் உடன் கற்பித்தார். கிருஷ்ணமோகன் பானர்ஜி, ராம்கோபால் கோஷ், ராதாநாத் சிக்தார் முதலியோர் இவ்வட்டத்தில் வளர்ந்தவர்களே. சென்னையருகே பரங்கிமலையில் 1802-இல் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைப் பணியிற் பின்னாளில் சேர்ந்து, எவரெஸ்டு சிகரத்தின் உயரத்தைக் கணித்தவர் இந்த ராதாநாத்தே.

இளைஞருட் சிலர் வீட்டு வழக்கங்களை எள்ளி நகையாடினர். பெற்றோர் கலங்கினர், பிள்ளைகளைக் கல்லூரியினின்று விலக்கவும் தொடங்கினர். ஆசிரியரே தூண்டினார் என்பது முறையன்று. ஆயினும், மாணவரைத் தோழராக்கிக் கொண்டவர் அவர்தம் இல்லத்தாரின் அச்சத்தைப் போதிய அளவு எண்ணிப் பார்த்திலர் என்றே எமக்குத் தோன்றுகிறது. அயல்மொழி பேசும் ஆசிரியரிடம் மக்களை ஒப்படைக்கும் நாம் அவ்வச்சத்தை அறியாதவர் அல்லேம்.

1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு, அவரை அழைத்து விளக்கம் கேளாமலே விலக்கத் தீர்மானித்தது. நாத்திகம் போதித்தார், பெற்றோரை அவமதிக்கச் சொன்னார் என்ற பழிகளை வில்சனுக்கு எழுதிய மடலில் அவர் திட்டமாக மறுத்தார். பயனில்லை, பதவி துறந்து, ஈஸ்ட் இந்தியன் என்னும் நாளிதழை நடத்தலானார். அவ்வாண்டு டிசம்பர் 26-இல் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று. அகவை 22. நோய்ப்படுக்கையருகே பழைய மாணவர் இருந்தனர்.

1838-இல் அம்மாணவர்கள் கூடிப் பொது அறிவு பெறும் சங்கம் ஒன்றை நிறுவினர். ராம்தனு லாகிரியும் பியாரிசந்த் மித்திரரும் அதன் செயலாளர்கள்.