மேரி புன்னன் லூக்கோஸ்

திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் அறிவியல் பயில விரும்பினார் மேரி புன்னன். பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. வரலாறு பயின்று 1909இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று மருத்துவரானார். 1916இல் தாயகம் திரும்பித் தைக்காடு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார்.

அக்காலத்தில் பிள்ளைப்பேறு பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்ந்தது. மருத்துவமனைக்குச் செல்ல மகளிர் அஞ்சினர். வயற்றாட்டி என்று மலையாளத்தில் வழங்கப்பெறும் மருத்துவச்சியரையே குடும்பங்கள் நம்பின. மருத்துவமனை வளர்ந்தால் தம் பிழைப்பு என்னாகும் என அம்மருத்துவச்சியர் கலங்கியதும் இயல்பே. மேரி அவர்களைப் பகைக்கவில்லை. அவர்தம் பிள்ளைகளையே அழைத்துப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். தாயர் கைப்பழக்கத்தால் அறிந்த தொழிலை மக்கள் மருத்துவ முறைப்படி கற்றனர். மருத்துவச்சியரின் ஆதரவும் கிட்டியது. எனினும் ஊராரின் அச்சம் சொல்லால் நீங்குவதன்று. ஆதலின், தம் முதற்குழந்தையை அம்மருத்துவமனையிலேயே ஈன்றார் மேரி.

1938இல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். 32 அரசு மருத்துவமனைகள் அவர் பொறுப்பில் வந்தன. அமெரிக்க நாட்டில் ஒரு பெண் அப்பெயருடைய பதவியை அடைந்தது 1990இல்தான். நாகர்கோவில் காசநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தவரும் இவரே. 1975இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மேரி, மறு ஆண்டில் தமது தொண்ணூறாம் அகவையில் காலமானார்.