மேடையில் பிறந்த துணிச்சல்: மாயாஜால மன்னர் பி.சி. சர்க்கார்

ஹைதராபாத்தில் மாஜிக் என்று சொன்னால் பலருக்கும் உடனே நினைவுக்கு வரும் பெயர் பி.வி. பட்டாபிராம். ஜாலவித்தையையும் மனோதத்துவத்தையும் இணைத்து, தெலுங்கு மக்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டிய அவர் 2025-ம் ஆண்டில் காலமானார். அவருக்கு ஒரு தலைமுறை முன்பே, இந்திய ஜாலவித்தையைத் தெருவோரத்திலிருந்து உலக அரங்குகளுக்குக் கொண்டு போனவர் ஒருவர் உண்டு. அவர்தான் வங்காளத்தின் பி.சி. சர்க்கார்.

நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசுவதென்றாலே நம்மில் பலருக்கு நாக்கு ஒட்டிக் கொள்கிறது. ஆபீஸ் ஆண்டு விழாவில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் கை நடுங்குகிறது. ஆயிரக்கணக்கான கண்கள் தன் விரல்களையே குறி வைத்துப் பார்க்க, அவற்றை ஏமாற்றிப் பிழைக்க வேண்டிய மனிதனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சர்க்காருக்கு அது பிறவியில் வந்ததல்ல. மேடை மேடையாக ஏறிச் சேர்த்துக் கொண்ட செல்வம் அது.

கணக்குப் பட்டதாரி

பிரதுல் சந்திர சர்க்கார் 1913-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, இன்று பங்களாதேஷில் உள்ள டாங்காயில் பகுதியில் அஷேக்பூர் என்ற கிராமத்தில் பிறந்தார். வசதியான குடும்பமல்ல. பள்ளிப் படிப்பை டாங்காயிலில் முடித்து, மைமன்சிங் ஆனந்தமோகன் கல்லூரியில் கணிதம் பயின்று 1933-ல் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் பி.ஏ. படித்தவனுக்கு ஒரு வாத்தியார் வேலையோ, சர்க்கார் குமாஸ்தா வேலையோ காத்திருக்கும். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். ஜாலவித்தை என்பதோ சந்தையில் மகுடி ஊதுபவரின் பிழைப்பு, படித்தவர் வீட்டுப் பிள்ளை தொடக் கூடாத தொழில் என்ற எண்ணம் இருந்தது. இருந்தும் சர்க்கார் அந்தத் தொழிலையே தேர்ந்தெடுத்தார்.

அவருக்குக் குருவாக வாய்த்தவர் வங்காளத்தின் புகழ்பெற்ற ஜாலவித்தைக்காரர் கணபதி சக்கரவர்த்தி. பூட்டிய பெட்டியிலிருந்து வெளியேறும் வித்தையில் பேர் போனவர். அவரிடம் சர்க்கார் தொழிலின் நுணுக்கங்களைக் கற்றார்.

கண்ணாடியும் கூட்டமும்

ஜாலவித்தை பழகுகிறவர்கள் முதலில் நிற்பது நிலைக்கண்ணாடி முன்னால். ஒளித்த நாணயம் தெரிகிறதா, விரல் காட்டிக் கொடுக்கிறதா என்று கண்ணாடி சொல்லிவிடும். ஆனால் கண்ணாடி கேள்வி கேட்காது, பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்க்காது, சீட்டியடிக்காது. கூட்டம் இவை எல்லாவற்றையும் செய்யும். எந்த வார்த்தைக்கு ஜனங்கள் சிரிக்கிறார்கள், எந்த நொடியில் அவர்கள் கண் விலகுகிறது, வித்தை பாதியில் சறுக்கினால் எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் மேடை ஏறினால்தான் தெரியும். நூறு முறை தனியறையில் செய்து பார்த்தாலும் முதல் முறை மேடையில் கை நடுங்கத்தான் செய்யும். பத்தாவது முறை நடுக்கம் குறையும். நூறாவது முறை கை தன் வேலையைத் தானே பார்த்துக் கொள்ளும், மனது கூட்டத்தைக் கவனிக்கும்.

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர் சர்க்கார். சிறு வித்தைகளில் தொடங்கிப் பெரிய அரங்கு வரை படிப்படியாக ஏறினார்.

முதன்மந்திரியின் ராஜினாமா

வங்காளத்தின் பிரதமராக பஸ்லுல் ஹக் இருந்த காலம். ஒரு நிகழ்ச்சியில் அவரும் மந்திரிகளும் அமர்ந்திருந்தார்கள். இளைஞர் சர்க்கார் ஒரு காகிதத்தைக் கொடுத்து, ஹக்கை ஏதாவது எழுதச் சொன்னார். மற்ற மந்திரிகள் கீழே கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அதைப் படித்துப் பார்த்தால், மந்திரி சபை முழுவதும் ராஜினாமா செய்து, சர்க்காரைப் புதிய பிரதமராக நியமிப்பதாக எழுதியிருந்தது! அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. பத்திரிகைகள் இதைப் பெரிதாக வெளியிட்டன. சர்க்கார் பெயர் வங்காளம் முழுவதும் பரவியது.

இந்த வித்தைக்குக் கைத்திறன் மட்டும் போதாது. அதிகாரத்தின் உச்சியில் இருப்பவரை வைத்து விளையாடியும், அவர் முகம் சுளிக்காமல் சிரிக்கும்படி நடந்து கொள்ளத் தெரிய வேண்டும். அந்த நிதானம் பல கூட்டங்களைக் கண்டவனுக்கே வரும்.

பெயரிலும் உடையிலும் வித்தை

ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறிக்கும் 'சார்சரர்' என்ற சொல்லின் சாயல் வரும்படி தம் பெயரின் எழுத்துக்களைச் சற்று மாற்றிக் கொண்டார். வெளிநாட்டு ஜாலவித்தைப் பத்திரிகைகளுக்குத் தாமே கட்டுரையும் படமும் அனுப்பினார். தம்மை உலகின் தலைசிறந்த மாயாஜாலக்காரர் என்று தாமே விளம்பரப்படுத்தினார். இதைத் தற்புகழ்ச்சி என்று பலர் பழித்தார்கள். ஜெர்மானியரான காலாநாக், தம் வித்தைகளைத் திருடியதாகவே சர்க்கார் மீது குற்றம் சாட்டினார். சர்க்கார் சளைக்காமல் பதில் கொடுத்தார்.

அதுவரை மேல்நாட்டு ஜாலவித்தைக்காரர்கள் பலர் முகத்தில் சாயம் பூசி, தலைப்பாகை கட்டி, இந்தியர் போல் வேஷம் போட்டுப் பணம் சம்பாதித்தார்கள். சர்க்கார் அசல் இந்தியராக, மகாராஜா உடையில், ஜொலிக்கும் தலைப்பாகையுடன் அவர்கள் ஊருக்கே போய் நின்றார். தம் நிகழ்ச்சிக்கு 'இந்திரஜால்' என்று பெயர் வைத்தார். வண்ணத் திரைகள், இசை, உடைகள் என்று கண்ணுக்கு விருந்தாக அது அமைந்தது. பாஷை தெரியாத ஊரிலும் அது எடுபட்டது. மொழி புரியாத ஊரில் பிழைக்க வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு செம்பிலுள்ள தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றிக் காலி செய்வார். வேறு வித்தைகளுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அதே செம்பைக் கவிழ்த்தால் மறுபடி தண்ணீர் கொட்டும். நிகழ்ச்சி முடியும் வரை இது தொடரும். 'இந்தியாவின் தண்ணீர்' என்ற இந்த வித்தை அவருடைய முத்திரையாயிற்று. கண்களை இறுகக் கட்டிக் கொண்டு எழுதியதைப் படிப்பதும், ஜன நெருக்கடியான தெருவில் சைக்கிள் ஓட்டுவதும் இன்னொரு முத்திரை.

லண்டனைக் கலக்கிய இரவு

1956-ம் ஆண்டு ஏப்ரல். லண்டன் டியூக் ஆஃப் யார்க் தியேட்டரில் சர்க்காருக்கு நிகழ்ச்சி. டிக்கெட் விற்பனையோ மந்தம். புதிய ஊரில் காலி நாற்காலிகளைப் பார்த்தால் எந்தக் கலைஞனுக்கும் மனம் தளரும்.

ஏப்ரல் 9-ந் தேதி இரவு பி.பி.சி. டெலிவிஷனில் 'பனோரமா' நிகழ்ச்சியில் அவருக்கு இடம் கிடைத்தது. நேரடி ஒளிபரப்பு. தவறினால் திருத்த வழி கிடையாது. உதவியாளரான 17 வயது தீப்தி தே மேஜை மீது படுத்தார். சுழலும் ரம்பம் அவர் உடலின் குறுக்கே பாய்ந்தது. பிறகு சர்க்கார் அந்தப் பெண்ணின் கைகளைத் தேய்த்து எழுப்பப் பார்த்தார். அசைவில்லை. முகத்தைக் கறுப்புத் துணியால் மூடினார். அந்த நொடியில் அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி காமிராவுக்கு முன் வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார்!

பெண் செத்தே போனாள் என்று நம்பி, பதறிய ஜனங்கள் பி.பி.சி.க்குப் போன் மேல் போன் செய்தார்கள். நேரம் தீர்ந்துவிட்டதால் முடித்தோம் என்றும், பெண் நலமாக இருக்கிறாள் என்றும் விளக்கம் தர வேண்டியதாயிற்று. மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் சர்க்கார். தியேட்டரில் இடம் கிடைக்கவில்லை. நேரம் தற்செயலாகத் தீர்ந்ததா, நொடிகளை எண்ணி சர்க்காரே அப்படி முடித்தாரா என்பது இன்றும் பேசப்படும் விஷயம். கணிதப் பட்டதாரிக்கு நொடிக் கணக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைப்பவர்களே அதிகம்.

கடைசி மேடை

1964-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. ஜாலவித்தையைக் கீழான பிழைப்பாக நினைத்த நாட்டில் இது சாதாரண கௌரவமல்ல.

1970-ம் ஆண்டின் இறுதியில், உடல்நிலை சரியில்லாத நிலையிலும் ஒப்புக் கொண்ட நிகழ்ச்சிகளுக்காக ஜப்பான் சென்றார். 1971-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, பனி மூடிய ஹொக்கைடோ தீவில் மாரடைப்பால் உயிர் நீத்தார். அப்போது வயது 57.

செய்தி கேட்டு ஜப்பான் சென்ற மகன் பிரதீப் சந்திர சர்க்கார், துக்கத்தை அடக்கிக் கொண்டு தந்தையின் தலைப்பாகையை அணிந்து மேடை ஏறி, மிச்சமிருந்த நிகழ்ச்சிகளை நடத்தினார். பின்னாளில் ஜூனியர் சர்க்கார் என்று அவரும் புகழ் பெற்றார். 2010-ல் மூத்த சர்க்காரின் உருவம் பொறித்த தபால் தலையை இந்தியத் தபால் துறை வெளியிட்டது.

சர்க்காரின் வித்தைகளுக்குப் பின்னால் இருந்த சூட்சுமங்களை இன்று புத்தகங்களில் படித்துக் கொள்ளலாம். அவருடைய துணிச்சலின் சூட்சுமம் அதைவிட எளியது. பயம் போன பிறகு மேடை ஏறலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பயத்தோடு ஏறினார்; ஏற ஏறப் பயம் இறங்கியது.