சீர்திருத்தச் செம்மல் சேர் பொன்னம்பலம் அருணாசலம்

கல்வியும் பதவியும் பெற்றோர் பலர். அவற்றால் வந்த வலிமையை எளியோர் பொருட்டுச் செலவிட்டோர் சிலர். அச்சிலருள் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். நம் மாணவர் அவரை அரசியற் பெரியாராக அறிவர். அவர் புரிந்த சமூகத் தொண்டினை அறிந்தோர் குறைவே. மன்னார்க் கரையில் வாழும் நாம் அத்தொண்டினை மறத்தல் தகாது. அவர் எவருக்காக வாதாடினாரோ அவர்கள் நம் கரையில் இறங்கி, நம் நிலத்தின் வழியே மலைநாடு சென்ற மக்களாவர்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி கொழும்பிலே பொன்னம்பல முதலியாருக்கு மைந்தராக அருணாசலம் தோன்றினார். குமாரசுவாமி, இராமநாதன் ஆகிய இருவரும் இவருடைய தமையன்மார். கொழும்பு அக்கடமியிற் கற்றுப் புலமைப் பரிசில் பெற்று, இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்றார். 1875இல் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் இவரே. ஆங்கிலேயரின் தனியுடைமை போல் இருந்த அச்சேவையில், தகுதி ஒன்றையே துணையாகக் கொண்டு இவர் உயர்ந்தார். 1887இல் பதிவாளர் நாயகம் ஆயினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி இவர் எழுதிய அறிக்கை வெறும் எண்களின் தொகுதியன்று. இந்நாட்டு மக்களின் வரலாறு, சமயம், மொழி, வழக்கம் ஆகியவற்றை விரித்துரைக்கும் நூலாகவே அறிஞர் அதனைப் போற்றினர்.

கேம்பிரிட்ஜிலே தொடங்கிய நட்பு ஒன்று ஈண்டுக் குறிப்பிடத் தக்கது. எட்வேட் காப்பென்ரர் என்னும் ஆங்கிலேயர் தொழிலாளர் உரிமைக்கும் எளிய வாழ்வுக்கும் குரல் கொடுத்த சமதர்மவாதி. 1890இல் அவர் இலங்கைக்கு வந்தபோது, அருணாசலம் அவரைத் தம் குருவாகிய இராமசுவாமி அவர்களிடம் அழைத்துச் சென்றார். மேனாட்டுச் சமதர்மக் கொள்கையும் சைவத்தின் ஞானநெறியும் இவ்விருவர் நட்பிலே கைகோத்தன.

1913இல் அருணாசலம் உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றார்; சேர் பட்டமும் அவ்வாண்டிலே கிடைத்தது. பிறராயின் அத்துடன் அமைந்திருப்பர். இவரோ அறுபது வயதிற்குப் பின்னரே தம் பெரும்பணியைத் தொடங்கினார்.

அக்காலம் உலகெங்கும் சீர்திருத்த எண்ணம் பரவிய காலம். அமெரிக்காவில் ஜேன் அடம்ஸ் அம்மையார் 1889இல் சிக்காகோ நகரில் ஹல் இல்லத்தைத் தோழி ஒருவருடன் நிறுவி, வந்தேறிய ஏழைத் தொழிலாளரிடையே குடியிருந்து தொண்டு செய்தார். சிறுவர் தொழிற்சாலைகளில் உழைப்பதைத் தடுக்கவும், வேலை நேரத்தைக் குறைக்கவும் அங்கே கிளர்ச்சிகள் நிகழ்ந்தன. 1920இல் பெண்கள் நாடெங்கும் வாக்குரிமை எய்தினர். அங்கே பலர் பிரிந்து செய்த பணிகளை இங்கே அருணாசலம் ஒருவரே தோளிற் சுமந்தார் எனல் மிகையன்று. 1915 சனவரியில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். ஏழைகளுக்குக் கல்வி, மருத்துவ உதவி, குறைந்தபட்சக் கூலி ஆகியன வேண்டுமென அச்சங்கம் வற்புறுத்தியது. 1919 சூனில் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் கண்டு அதற்குத் தலைவரானார், பெரி. சுந்தரம் அதன் காரியதரிசியானார்.

தோட்டத் தொழிலாளர் நிலை அன்று எவ்வாறிருந்தது? கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டுப் பாதையில் மாத்தளை நோக்கிக் கால்நடையாகவே சென்றனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே மாண்டோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவையும், தலைமன்னார் வரை புகைவண்டியும் வந்தபின் நடைத்துன்பம் ஒழிந்தது, கடன்துன்பம் ஒழிந்திலது. ஊரை விட்டுப் புறப்படும்போதே கங்காணியின் முற்பணம் கடனாய்த் தலையில் ஏறும். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. வேறு தோட்டம் செல்பவனைத் தொடர்ந்து அவன் கடனும் செல்லும். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினால், 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறைத் தண்டனையும் உண்டு. இக்கொடுமைகளை எதிர்த்து அருணாசலம் இடையறாது வாதாடினார். 1921இல் துண்டு முறை நீக்கப்பட்டது. அவர் தம் முயற்சியின் பயனைக் கண்ணாரக் கண்ட துறைகளுள் இஃது ஒன்றாகும்.

அரசியலிலும் அவர் பணி பெரிது. 1917இல் நாட்டின் அரசியற் றேவைகள் பற்றி அவர் ஆற்றிய பேருரை மக்களைத் தட்டியெழுப்பியது. அவ்வாண்டிலே இலங்கைச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1919 திசெம்பர் 11ஆந் திகதி சிங்களரும் தமிழரும் பிறரும் ஒருங்கு கூடி அமைத்த இலங்கைத் தேசிய காங்கிரசுக்கு அவரே முதற் றலைவரானார். ஆயினும் அவ்வொற்றுமை நெடிது நில்லாதாயிற்று. மேல்மாகாணத்திலே தமிழர்க்கு ஓர் ஆசனம் என அளித்த வாக்குறுதி காக்கப்படவில்லை. தாம் வளர்த்த சபையை 1921இல் அவர் துறந்தார். எண்ணிக்கையிற் குறைந்தோர்க்குக் கொடுத்த சொல்லைப் பேணாதவிடத்து ஒற்றுமை நிலைபெறாது என்பதை அப்பிரிவு நாட்டிற்கு உணர்த்தியது. அதன் கசப்பினை நாடு பின்னர் நெடுங்காலம் சுவைத்தது.

இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டுமென 1906 முதல் முயன்ற அவர், 1921இல் யூனிவேசிற்றிக் கல்லூரி திறக்கப்பட்டதைக் கண்டு மகிழ்ந்தார். ஆங்கிலங் கற்றோர் தாய்மொழியைப் புறக்கணித்தலை அவர் வன்மையாகக் கண்டித்தவர். திருவாசகம் முதலிய அருணூற் பாடல்களைத் தாமே ஆங்கிலத்திற் பெயர்த்தவர். 1924 சனவரி 9ஆந் திகதி, தலயாத்திரை சென்றவிடத்து மதுரை மாநகரிலே இறையடி சேர்ந்தார்.

அவர் மறைந்து ஏழாண்டுகளின் பின், 1931இல், சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளர் பலரும் வாக்களித்தனர். எனினும் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. துண்டினை ஒழிக்கச் சில ஆண்டுகள் போதியன. மனிதரை இந்நாட்டவரென ஏற்க அரை நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. சீர்திருத்தம் ஒருவர் வாழ்நாளோடு முடியும் கருமமன்று. அடுத்த தலைமுறை ஏற்றுக் கொண்டாலன்றி அது நின்றுவிடும்.

இக்கல்லூரியிற் கற்று உத்தியோகம் பெறும் இளைஞர்காள்! பெற்ற கல்வியை யாருக்காகப் பயன்படுத்துவது என்னும் வினா உங்கள் முன்னும் ஒருநாள் வந்து நிற்கும். அறுபது வயதிற்கு மேலும் அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையால் விடையளித்த இப்பெரியாரை அன்று நினைவு கூருங்கள்.