தாத்தாவின் பிபி மாத்திரை, வில்வித்தையில் ஊக்கமருந்தா? அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்கின் கதை

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன தாத்தா தினமும் பிபி மாத்திரை போடுகிறார். பேத்தி வில்வித்தைப் போட்டிக்குத் தயாராகிறாள். மாத்திரை அட்டையில் அட்டெனலால், மெட்டோப்ரலால், ப்ரொப்ரனலால் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால், அது 'பீட்டா பிளாக்கர்' வகை. தாத்தாவுக்கு அது மருந்து. பேத்தி போட்டால் அது ஊக்கமருந்து விதிமீறல்.

ஒரே மாத்திரைக்கு எப்படி ரெண்டு முகம்? இந்த வகை மருந்துக்கு வழி காட்டியவரின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும்.

யார் இந்த ஜேம்ஸ் பிளாக்?

1924 ஜூன் 14ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஐந்து மகன்களில் நான்காவது பிள்ளை. அப்பா நிலக்கரிச் சுரங்க இன்ஜினீயர். அதனால் இவருடைய குடும்பப் பின்னணி நெய்வேலிக்காரர்களுக்கு ஒண்ணும் புதுசு இல்லை. 15 வயதிலேயே உதவித்தொகையோடு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 1946இல் மருத்துவப் படிப்பை முடித்தார்.

படித்து முடித்தபோது கையில் பட்டத்தோடு கடனும் இருந்தது. அதை அடைக்க சிங்கப்பூர் போய், அங்கே மருத்துவக் கல்லூரியில் சுமார் மூன்று ஆண்டுகள் பாடம் எடுத்தார். 1950இல் திரும்பி வந்து கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அப்பாவின் மரணம் எழுப்பிய கேள்வி

பிளாக்கின் அப்பா ஒரு கார் விபத்தில் சிக்கினார். அதைத் தொடர்ந்து மாரடைப்பு வந்து இறந்துபோனார். அதிர்ச்சியும் பதற்றமும் இதயத்தை என்ன செய்கின்றன என்ற கேள்வி மகனை விடவில்லை.

பதற்றம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும். ஏற்கெனவே ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு அந்த வேகமே ஆபத்து. அப்போதைய சிகிச்சைகள் இதயத்துக்கு ரத்த ஓட்டத்தை எப்படி அதிகரிப்பது என்றே யோசித்தன. பிளாக் அதைத் திருப்பிப் போட்டார். இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன? கரண்ட் பத்தாதபோது புது மின்நிலையம் கட்டுவது ஒரு வழி, தேவையில்லாத லைட்டையும் ஃபேனையும் அணைப்பது இன்னொரு வழி. அவர் எடுத்தது ரெண்டாவது வழி.

நெய்வேலியில் என்எல்சி தொடங்கப்பட்டது 1956இல். அதற்கு ரெண்டு வருஷம் கழித்து, 1958இல், பிளாக் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் சேர்ந்தார். அட்ரினலின் வந்து ஒட்டிக்கொள்ளும் 'பீட்டா' ஏற்பிகளை அடைத்துவிடுவதுதான் திட்டம். பூட்டில் வேறு சாவியைச் சொருகி வைத்துவிட்டால் அசல் சாவி நுழையாது இல்லையா, அதே மாதிரிதான். முதலில் வந்த மருந்து எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்ததுதான் ப்ரொப்ரனலால். 1965இல் 'இன்டெரால்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. வேறொரு நிறுவனத்தில் வயிற்றுப்புண்ணுக்கான சிமெடிடின் மருந்து உருவாகவும் அவரே வழிகாட்டினார். 1988இல் கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோருடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வில்வித்தையில் ஏன் தடை?

ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தூரத்தில் இருக்கும். 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 12.2 செ.மீ. அந்த நேரத்தில் படபடப்பும் கைநடுக்கமும்தான் பெரிய எதிரி. டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்களின் இதயத்துடிப்பையே டிவி திரையில் காட்டினார்கள். அந்தப் படபடப்பை அடக்குவதும் விளையாட்டுத் திறமையின் ஒரு பகுதி. மாத்திரை போட்டு அடக்கினால் அது குறுக்குவழி.

இதனால்தான் 1980களில் ஒலிம்பிக் தடைப்பட்டியலுக்குள் பீட்டா பிளாக்கர்கள் வந்தன. பிளாக் நோபல் வாங்கிய அதே 1988இல், சியோல் ஒலிம்பிக்கில் இந்தத் தடை அமலில் இருந்தது. 2008 பெய்ஜிங்கில் துப்பாக்கிச் சுடுதலில் வென்ற வெள்ளியையும் வெண்கலத்தையும் வடகொரியாவின் கிம் ஜாங் சு இழந்தார். அவர் மாதிரியில் சிக்கியது ப்ரொப்ரனலால்.

இப்போது விதி என்ன சொல்கிறது?

உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் பட்டியலில், கோல்ஃப், டார்ட்ஸ் போன்ற ஆட்டங்களுக்குப் போட்டி நேரத்தில் மட்டுமே பீட்டா பிளாக்கர் தடை. வில்வித்தைக்கும் துப்பாக்கிச் சுடுதலுக்கும் எல்லா நாளும் தடை. போட்டி இல்லாத நாளிலும் வீடு தேடி வந்து சிறுநீர் மாதிரி கேட்கலாம். மாதிரியை ஏ, பி என ரெண்டு பாட்டில்களில் சீல் வைப்பார்கள். இந்தியாவில் இதைச் செய்வது நாடா அமைப்பு.

கவனிக்க வேண்டியது இதுதான்: தெரியாமல் போட்டேன் என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது. உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு வீரரே பொறுப்பு. வழக்கமான தண்டனை இரண்டு ஆண்டு தடை. வேண்டுமென்றே எடுத்தது நிரூபணமானால் நான்கு ஆண்டு. டாக்டர் சீட்டு மட்டும் போதாது. சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். மாற்று மருந்து இல்லை என்பதையும், விளையாட்டில் கூடுதல் லாபம் கிடைக்காது என்பதையும் காட்ட வேண்டியிருப்பதால், வில்வித்தையில் அது சுலபமில்லை.

ஆபத்து பிபி மாத்திரையில் மட்டும் இல்லை. மைக்ரேனுக்கும், மேடைப் பதற்றத்துக்கும் ப்ரொப்ரனலால் தருவது உண்டு. கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்தும் இதே வகைதான்.

ஜேம்ஸ் பிளாக் 2010 மார்ச் 22 அன்று, 85 வயதில் காலமானார். அவர் தேடியது நோயாளியின் இதயத்துக்கு ஓய்வு. அந்த மருந்தின் மேல் குற்றம் எதுவும் இல்லை. அதனால் பீட்டா பிளாக்கர் எடுக்கும் பெரியவர்கள் பயந்து திடீரென நிறுத்திவிடக் கூடாது, அது இதயத்துக்கே ஆபத்து. வில் பிடிக்கும் பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தலைவலிக்கே போனாலும், நான் வில்வித்தை விளையாடுறேன் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது.