ஒரு அணா டிபன்: பள்ளிக்கூடத்துக்கு பிள்ளைகளை வரவழைத்த பிட்டி தியாகராயர்

தி.நகருக்கு துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த "தி" யார் என்று தெரியும்? சந்தேகம்தான்!

அவர்தான் சர் பிட்டி தியாகராய செட்டியார். ஜஸ்டிஸ் கட்சித் தலைவர். "வெள்ளுடை வேந்தர்" என்று பேர் வாங்கியவர். சென்னை மாநகராட்சி பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு முதன் முதலில் டிபன் போட ஏற்பாடு செய்தவரும் இவரே.

வண்ணாரப்பேட்டை பணக்காரர்

தியாகராயர் 1852-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி பிறந்தார். வசதியான நெசவாளர் குடும்பம். மாநிலக் கல்லூரியில் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் கலெக்டர் ஆபீசில் நாற்காலி நிச்சயம். இவர் உத்தியோகத்துக்குப் போகவில்லை. வண்ணாரப்பேட்டையிலேயே இருந்து தொழிலைக் கவனித்தார்.

மாநகராட்சிக்குள் நுழைந்தவர் சுமார் 40 வருஷம் அங்கே கவுன்சிலராக இருந்தார். தெருவிளக்கு, குடிதண்ணீர், சாக்கடை என்று அத்தனை விவகாரமும் அவருக்கு அத்துபடி. அதிகாரிகளே தலைமை வகித்து வந்த மாநகராட்சிக்கு, அதிகாரி அல்லாத முதல் தலைவராகவும் வந்தார்.

1916-ல் டாக்டர் டி.எம்.நாயர், டாக்டர் நடேச முதலியார் ஆகியோருடன் சேர்ந்து ஜஸ்டிஸ் கட்சியைத் தொடங்கினார். 1920 தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்தது. கவர்னர் வெலிங்டன் பிரபு முதல்-மந்திரி பதவி ஏற்கச் சொல்லி இவரைத்தான் அழைத்தார். செட்டியார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல்-மந்திரி ஆனார். கையில் வந்த பதவியை இப்படி விட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

காலி பெஞ்சு

கோட்டைக்குப் போகாதவர் ரிப்பன் கட்டிடத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடங்களைப் பார்த்தார். நிலைமை மோசம். கட்டிடம் இருந்தது, வாத்தியார் இருந்தார். பிள்ளைகள்தான் சேரவில்லை. சேர்ந்ததுகளும் சரியாக வருவதில்லை.

ஆயிரம் விளக்கு மாநகராட்சி பள்ளி இதற்கு ஒரு உதாரணம். அங்கே படித்தவர்கள் எல்லாம் பரம ஏழை வீட்டுப் பிள்ளைகள். வறுமைதான் பள்ளியின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்று செட்டியார் கவுன்சிலில் எடுத்துச் சொன்னார். பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்கலாம் என்றார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று செலவுக்கு வரம்பு கட்டி, 1920-ல் கவுன்சில் அனுமதி கொடுத்தது.

ஒரு அணா என்றால் ரூபாயில் 16-ல் ஒரு பங்கு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அணாவே தெரியாது!

இரட்டிப்பு ஆச்சு

பலன் கைமேல் கிடைத்தது. பிறகு இன்னும் 4 பள்ளிகளுக்கு டிபன் போயிற்று. இந்த 5 பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-ல் 811 பேர் படித்தார்கள். 1924-25-ல் அது 1,671 ஆனது. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்! புதுப் பாடத்திட்டம் எதுவும் கொண்டு வரவில்லை. அடித்து இழுத்து வரவும் இல்லை. வயிற்றுக்குப் போட்டார்கள், வந்தார்கள்.

சட்டம் குறுக்கே வந்தது

டிபன் செலவு ஆரம்பக் கல்வி நிதியில் இருந்து போய்க் கொண்டிருந்தது. இதில்தான் வினை வந்தது. 1920-ம் வருஷத்து ஆரம்பக் கல்விச் சட்டத்தின் 18(1) பிரிவைக் காட்டி, சாப்பாட்டுக்கு இந்தப் பணத்தை எடுக்கக்கூடாது என்று அரசாங்கம் மறுத்துவிட்டது. பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு வரத்தான் அந்தச் சட்டமே. வந்த பிள்ளையின் வயிற்றில் கை வைக்கவும் அதையே எடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது நடந்தது செட்டியார் கட்சி மந்திரிசபை. கல்வி இலாகா அவர் கட்சிக்காரரான ஏ.பி.பாத்ரோவிடம் இருந்தது. முதல்-மந்திரி நாற்காலியை வேண்டாம் என்றவருக்கு, ஒரு அணா டிபனைக் காப்பாற்றும் அளவுக்குக்கூட தன் கட்சி ஆட்சி உதவாமப் போச்சு.

1925 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அந்தப் பணம் நின்றது.

அதே மாதம் 27-ந் தேதி செட்டியாருக்கு 73 வயது நிறைந்தது. மறுநாள் 28-ந் தேதி காலமானார்.

மறுபடியும் டிபன்

இரண்டு வருஷம் கழித்து 1927-ல் திட்டத்துக்கு உயிர் வந்தது. இந்தத் தடவை 25 பள்ளிகள். சுமார் 1,000 பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

மாநிலம் முழுக்க மதிய உணவு போட காமராஜர் வரவேண்டியிருந்தது. அது 1956-ல். எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982-ல். 2022 செப்டம்பரில் மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆயிரம் விளக்கு பள்ளிக்காக 1920-ல் மாநகராட்சி போட்ட அந்தத் தீர்மானம் மறுபடியும் பேச்சில் அடிபட்டது.