விதை வந்தது, நோய் வரவில்லை

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். சிறுவயதில் நானும் அவர் பின்னால் நிரை நிரையாக நடந்திருக்கிறேன். இந்த மரங்கள் இவ்வளவு நெருக்கமாக எப்படி வளர்கின்றன என்று அப்போது யோசித்ததில்லை. ஹென்றி விக்கமின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

விக்கம் 1846இல் லண்டனில் பிறந்தார். இருபது வயதில் பறவைச் சிறகு சேகரிக்க நிகராகுவா போனார். பின்னர் குடும்பத்தோடு பிரேசிலின் சந்தாரெம் பகுதியில் குடியேறினார். விவசாயம் கைகொடுக்கவில்லை, தாயையும் அங்கேயே பறிகொடுத்தார். 1876இல் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்துக் காடுகளில் திரட்டிய சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் சேர்த்தார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. மறு ஆண்டு கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன.

அமேசான் காட்டு ரப்பர் மரத்தின் இளந்தளிர்களைத் தாக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. அதனால் வருவது தென்னமெரிக்க இலைக்கருகல் நோய். தளிர்கள் மீண்டும் மீண்டும் உதிர்ந்தால் மரமே பட்டுப்போகும். ஆனால் காட்டில் ரப்பர் மரங்கள் சிதறி நிற்கின்றன. இடையில் வேறு மரங்கள் நிறைந்திருப்பதால் பூஞ்சையின் வித்துகள் எளிதில் பரவுவதில்லை. விதைகள் கடல் கடந்தபோது பூஞ்சை பின்தங்கிவிட்டது. விக்கமுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அந்தப் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 1904இல்தான்.

அதன்பின் குவீன்ஸ்லாந்து, பிரிட்டிஷ் ஹொண்டுராஸ், பாப்புவா என்று அலைந்த விக்கம் எங்கும் செழிக்கவில்லை. 1920இல் சர் பட்டம் கிடைத்தது. பிரேசிலில் பலர் அவரை விதைத் திருடர் என்றே நினைக்கிறார்கள்.

1928இல் அவர் இறந்தார். அதே ஆண்டு, அதே தபஜோஸ் ஆற்றங்கரையில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் ரப்பர்த் தோட்டம் தொடங்கியது. நம் தோட்டங்களைப் போலவே மரங்களை நெருக்கி நட்டார்கள். சில ஆண்டுகளில் இலைக்கருகல் மரத்துக்கு மரம் தாவி இலைகளை உதிர்த்தது. 1945இல் ஃபோர்டு நிறுவனம் நிலத்தைப் பிரேசில் அரசிடம் கொடுத்துவிட்டு வெளியேறியது.

நம் மரங்களில் பெரும்பாலானவை அந்தச் சில கன்றுகளின் வழிவந்தவை. உறவு நெருக்கம் அதிகம். எதிர்ப்புச் சக்தி குறைவு. அதனால்தான் தென்னமெரிக்காவிலிருந்து வரும் செடிகொடிகளுக்கு இங்கே கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. மாணவர்களே, அங்கே பயணம் போனால் ஓர் இலையைக்கூட நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். என் பாட்டியைப் போன்றவர்களின் பிழைப்பு, வந்து சேராத ஒரு பூஞ்சையை நம்பித்தான் இருந்தது.