ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய்

1896-ல் மெர்க்குரஸ் நைட்ரைட் என்னும் பாதரஸ உப்பைக் கண்டறிந்ததற்காகவும், ஹிந்து ரஸாயன சாஸ்திரத்தின் சரித்திரத்தை இரு பாகங்களாக எழுதியதற்காகவும் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயை அறிஞர்கள் போற்றுகின்றனர். நாமோ அவரை உபாத்தியாயராகவே நினைவுகூர விரும்புகிறோம்.

வங்கத்து ராருலி கிராமத்தில் 1861-ல் பிறந்த ராய், 1887-ல் எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றார். 1889-ல் கல்கத்தா ராஜதானிக் கலாசாலையில் அவருக்குக் கிடைத்தது மாதம் 250 ரூபாய் சம்பளமுள்ள உத்தியோகம். உயர்தர உத்தியோகங்கள் பெரும்பாலும் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு அவர் வகுப்பறைக்குள் புகுந்தார்.

பெயர்பெற்ற ஆசிரியர்கள் மேல்வகுப்புகளையே நாடுவது வழக்கம். ராய் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்வதையே விரும்பினார்; வங்காளி மொழியிலும் விளக்கினார். தாய்மொழியில் சாஸ்திரம் நடவாது என்போர் இதைக் கவனிப்பார்களாக! எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, ஒரு சிட்டிகையைத் தம் வாயிலிட்டுக் காட்டுவார். ஆசாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எப்படியிருந்திருக்கும்! மாமிச அம்சம் எரிந்தபின் எஞ்சுவது கால்ஷியம் பாஸ்பேட் என்னும் உப்பு. அதற்குத் தீட்டு ஏது? ரஸாயனத்தோடு வேறொரு பாடமும் அன்று நடந்தது.

1916-ல் ஸர்வகலாசாலையின் விஞ்ஞானக் கல்லூரிக்குச் சென்ற பிரமசாரியான அவர், அங்கேயே ஓர் அறையில் வசித்தார். ஏழை மாணாக்கர் சிலரும் உடன் தங்கினர். அறுபது வயது நிறைந்த 1921 முதல் தம் சம்பளத்தை ஸர்வகலாசாலைக்கே விட்டுக்கொடுத்தார். 1922-ல் வடவங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நிவாரண வேலைக்கு அவர் தலைமையில் வாலிபர்கள் திரண்டனர். ஆராய்ச்சி செய்ய வேண்டியவர்களை அரிசி மூட்டை சுமக்க விடலாமா என்று கேட்கலாம். சேற்றில் இறங்காத படிப்பால் அந்த ஜனங்களுக்கு என்ன பயன் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

சிறு கடைக்காரரின் மகனான மேகநாத ஸாஹா, ஸத்தியேந்திரநாத வஸு, ஞான சந்திர கோஷ் ஆகியோர் அவரிடம் பயின்றவர்களே. ஸாஹாவும் வஸுவும் ரஸாயனத்தை விட்டுப் பௌதிகத்தில் புகழடைந்தனர். 1920-ல் ஸாஹாவின் அயனியாக்கச் சமன்பாடும், 1924-ல் வஸுவின் கட்டுரையும் உலகத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தன. தம் துறைக்கு வராதவர்களும் தம்மை மிஞ்சியதைக் கண்டு மகிழ்ந்த ஆசிரியர் எத்தனை பேர்?

1936-ல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் அந்த அறையை விடவில்லை. 1944 ஜூன் 16-ந் தேதி அங்கேயே உயிர் நீத்தார்.